பிரபாவதியின் பஸ்ஸை நாங்கள் நிறுத்திய விதம்

நல்ல கட்டுரையை ஒருத்தர் தனியாக எழுதிவிட முடியும் என்பது, விழுப்புரத்துக்கு வெளியே இன்னும் ஒழியாமல் இருக்கும் மூடநம்பிக்கை. எங்கள் கல்லூரி அதை ஒழித்துவிட்டது. பேராசிரியர் தாண்டவராயன் கொண்டுவந்த 'சகமாணவர் கருத்துரைத் திட்ட'த்தின்படி ஒருவர் எழுதுவார், வகுப்பே திருத்தும். யார் என்ன சொன்னாலும் எழுதியவர் ஏற்க வேண்டும். மறுத்தால் கட்டுரை போட்டிக்குப் போகாது. இதற்குப் பெயர் ஜனநாயகம்.

போட்டி திண்டிவனத்தில். பரிசு பெறும் கட்டுரையை மேடையில் வாசிக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் ஒரு போக்குவரத்து அதிகாரி. இதைக் கேள்விப்பட்டதும் பிரபாவதி பேனாவைத் திறந்தாள். வளவனூர் ரோட்டில் அவளுடைய காலனி நிறுத்தத்தில் காலை பஸ் நிற்பதில்லை. அதனால் முதல் வகுப்பில் அவள் எப்போதும் ஆப்சென்ட். இன்னும் கொஞ்சம் ஆப்சென்ட் விழுந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

அவள் எழுதி வந்தது இவ்வளவுதான்: 'எங்கள் காலனியில் பஸ் நிற்பதில்லை. நாங்கள் பின்னாலேயே ஓடுகிறோம். கண்டக்டர் போ போ என்று கையாட்டுகிறார். புழுதிதான் மிச்சம்.'

வகுப்பு அதிர்ந்தது. முன்னுரை எங்கே?

"இன்னா பிரபா, எடுத்தவுடனே பஸ்ஸுல ஏறிட்ட? மொதல்ல மனுசன் சக்கரம் கண்டுபுடிச்சதச் சொல்லு" என்றான் குமரேசன்.

"சக்கரம் எனக்கு எதுக்குடா? பஸ்ஸுதான் வேணும்."

"கருத்தை மறுக்கக் கூடாதும்மா" என்றார் பேராசிரியர். சக்கரம் வந்தது.

ஆர்த்தி இளகிய மனசுக்காரி. "'ஓடுகிறோம்'னா பாவமா இருக்குதுடி. 'காலை உடற்பயிற்சி செய்கிறோம்'னு போடேன். கையாட்டுறதும் நல்லால்ல. 'கையசைத்து வாழ்த்துகிறார்'."

"அடிப்பாவி, அவரு வாழ்த்தலடி, தொரத்துறாரு!"

"அதான்டி நடையழகு."

புழுதி 'மண்வாசனை' ஆனது. மிச்சமிருந்த ஒரே முள், 'நிற்பதில்லை'. கட்டுரையில் 'இல்லை' வந்தால் நடுவரின் மனம் சோரும் என்பது வகுப்பின் ஏகமனதான முடிவு. அதை நீக்கும் பெருமை அடியேனுக்குக் கிடைத்தது. பேனாவால் ஒரு கோடு. 'நிற்கிறது' என்று மேலே எழுதினேன். இத்தனை வருசம் மனு போட்டும் நிற்காத பஸ், பிரேக் சத்தம்கூட இல்லாமல் நின்றது.

திண்டிவனத்தில் முதல் பரிசு! பிரபாவதி வாசித்து முடித்ததும் அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார்.

"அந்தக் காலனியிலேருந்து பஸ் நிக்கலன்னு மனு மேல மனு. இன்னைக்குத்தான் எனக்கு உண்மை தெரிஞ்சுது. எல்லாத்தையும் முடிச்சு வச்சிடுறேன்."

"சார், நிக்காது சார்! சத்தியமா நிக்காது!" என்று மைக்கிலேயே கத்தினாள் பிரபாவதி.

"எதிர்மறை, எதிர்மறை" என்று கீழேயிருந்து பல்லைக் கடித்தார் பேராசிரியர். அவள் கையில் கேடயத்தைத் திணித்து இறக்கிவிட்டார்கள். நாங்கள் விசிலடித்தோம். ஒவ்வொரு வரியிலும் எங்கள் உழைப்பு இருந்ததே!

மறுநாள் முதல் வகுப்பு முடியப்போகும் நேரத்தில் வாசலில் வந்து நின்றாள். தலையெல்லாம் மண்வாசனை.

"பரிசு வாங்கின மறுநாளே லேட்டா? காரணம் சொல்லும்மா."

"பஸ்ஸு கட்டுரையில நின்னுச்சு சார். நான் ரோட்டுல நின்னுக்கினு இருந்தேன்."

எங்களில் ஒருவருடைய கருத்துரையும் படாமல் அவள் வாயிலிருந்து வந்த வாக்கியம் அது. குமரேசன் யோசித்தான், ஆர்த்தி யோசித்தாள், நானும் பேனாவைத் திறந்து பார்த்தேன். திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை.

பேராசிரியர் ஆப்சென்ட் போட்டார்.