பல்லாயா சொன்ன ஒரே பொய்

குழந்தைகளின் பல் விஷயத்தில் பல்லாயாவை மிஞ்சுகிற ஆள் அன்றைய மலாயாவின் கெடாவில் கிடையாது. தலைநகர் அலோர் ஸ்டாரின் டாக்டர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இத்தனைக்கும் அவள் வாயில் ஒரு பல் இல்லை. வெற்றிலையைக்கூட இடித்துத்தான் போட்டுக்கொள்வாள்.

புக்கிட் செலம்பாவுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கராக, இருந்த காலம் அது. தாய்மார் ரப்பர் பால்வெட்டுக்குப் போனதும் கைக்குழந்தைகள் எல்லாம் ஆயாக் கொட்டகைக்கு வந்துவிடும். இருபது தொட்டில்களுக்கும் சேர்த்து ஒரே ஆயா, இவள்தான். கஞ்சி ஊட்டும்போது தகரக் கரண்டியால் ஒவ்வொரு ஈறிலும் மெல்லத் தட்டிப் பார்ப்பாள். சத்தம் மாறினால் போதும், கஞ்சிப் பானையை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கச் சுற்றி வருவாள்.

"முனியம்மா மவனுக்குப் பல்லு வந்திருச்சி. கீழ, நடுவுல. யாரும் வெரல வைக்காதீங்க, கடிக்கிறான்."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை கங்காணியின் தங்கை மகளுக்கு மேல்பல் முதலில் வந்துவிட்டது. மேல்பல் முந்தினால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். தோட்டத்தையே அதட்டி மேய்த்த கங்காணி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கொட்டகைக்கு ஓடினார்.

"ஆயா, கீழ்ப்பல்லுன்னு ஒரு வார்த்த சொல்லிடு லா. ஒனக்குப் புண்ணியமா போவும்."

"பழத்த வச்சிட்டுப் போங்க. பல்லு மேலதான்."

கங்காணி போர்வையைப் போர்த்திக்கொண்டு மூன்று நாள் படுத்துவிட்டார். நாலாம் நாள், தான் சாகவில்லை என்று தெரிந்ததும் எழுந்து வேலைக்கு வந்தார். பழத்தை ஆயா அரைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டாள்.

இதற்கெல்லாம் ஆபீசில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தவன் நான். என் வீட்டுக்கும் அந்த நாள் வந்தது.

எங்கள் மூத்தவனுக்குப் பதின்மூன்று மாதமாகியும் பல் முளைக்கவில்லை. லயத்துப் பிள்ளைகள் ஏழாம் மாதமே கரும்பைக் கடிக்க, கிராணி வீட்டுப் பிள்ளை பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தான். அலோர் ஸ்டாரில் அரசாங்க உத்தியோகக்காரரைக் கட்டியிருந்த என் அக்கா வாரம் ஒரு கடிதம் போடுவாள். அவள் மகனுக்கு ஐந்தாம் மாதமே வந்ததாம். எரிச்சல் தாங்காமல் ஒரு நாள், "பல் முளைத்துவிட்டது" என்று எழுதிப் போட்டேன். கடிதம் போய்ச் சேர்வதற்குள் பல்லும் வந்து சேர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

பல் வரவில்லை. அக்காவின் பதில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து பல்லுக்கொழுக்கட்டை கொட்டப் போகிறாளாம். யாழ்ப்பாணத்துக்காரராகிய எங்களுக்கு அது பெரிய சடங்கு. முதல் பல் வந்த பிள்ளையை உட்கார்த்தித் தலையில் வெள்ளைத் துணி போர்த்தி, தேங்காய்ச் சொட்டைப் பல்லாகப் பதித்த கொழுக்கட்டைகளை மேலே கொட்டுவோம். பல்லில்லாத பிள்ளைக்கு அதைக் கொட்டியவர்கள் பரம்பரையில் யாருமில்லை.

லயத்து ஆள் தொடக்கூடாது என்று அதுவரை கொட்டகைப் பக்கமே காட்டாத என் பிள்ளையை, அன்று ஆயாவை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டினேன். அவள் விரலைக் கழுவி ஈறைத் தடவினாள்.

"இன்னும் ரெண்டு வாரம் ஆவுங்கய்யா. சில புள்ளைங்களுக்கு லேட்டாத்தான் வரும். அதுல ஒரு கொறையுமில்ல."

"ஞாயிற்றுக்கிழமை அக்கா கேட்டால், வந்திட்டுது எண்டு சொல்லு."

"பல்லு விசயத்துல நான் பொய் சொன்னதில்லீங்கய்யா."

"அப்ப கொட்டகைக்கு வேற ஆள் பாக்கச் சொல்லித் துரையிட்டச் சொல்லட்டோ?"

நான் அப்படித்தான் சொன்னேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எழுதக் கூசுகிறது. ஆயா படியிறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை குருண் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டுவண்டியில் ஏழு பேர் வந்து சேர்ந்தார்கள். கொழுக்கட்டை கொட்டுவதை வேடிக்கை பார்க்க லயமே வாசலில் நின்றது. கொட்டி முடிந்ததும் அக்கா மருமகனின் வாயைத் திறக்கப் பார்த்தாள். என் மானத்தைக் காப்பாற்றுவதுபோல் அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். நான் வாசலில் நின்றவளைக் கூப்பிட்டேன்.

"ஆயா, நீ சொல்லு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இருக்குங்கம்மா. கீழ."

அதோடு முடிந்திருக்கலாம். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை கொட்டாவி விட்டான். அக்காவின் விரல் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"தம்பி, இதுக்குள்ள ஒண்டுமில்லையே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆயாவைக் காட்டினேன்.

"இவள் சொன்னதை நம்பித்தான் அக்கா, நான் உங்களுக்கு எழுதினனான்."

ஆயா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அக்காவிடம், "கண்ணு மங்கிப் போச்சுங்கம்மா. என் தப்புதான்," என்றாள்.

லயம் சிரித்தது. கங்காணிக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை; தன் மருமகளுக்கும் அன்று கீழ்ப்பல்தான் வந்திருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். மறுநாளிலிருந்து ஆயா சொன்ன பல்லை யாரும் நம்பவில்லை. ஒவ்வொரு தாயும் தன் விரலை விட்டுப் பார்த்த பிறகே தலையாட்டினாள். கொஞ்ச நாளில் ஆயா லயத்தைச் சுற்றுவதையே விட்டுவிட்டாள்.

அவள் சொன்னபடி சரியாக இரண்டு வாரத்தில் என் மகனுக்குப் பல் வந்தது. என் மனைவி அன்று என்னிடம், "அந்த மனுசியிட்டப் போய் மன்னிப்புக் கேளுங்கோ," என்றாள். கிராணி லயத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்பதா என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து மகள் பிறந்தாள். அவளுக்கு ஒன்பது மாதமானபோது, ஒரு நாள் ஆள் கணக்கெடுக்கும் விடிகாலைப் பெரட்டில் ஆட்களெல்லாம் வரிசையாக நிற்கையில், பிள்ளையை நானே தூக்கிக்கொண்டு போய் ஆயாவின் முன்னால் நின்றேன்.

"ஆயா, பிள்ளைக்குப் பல்லு வந்திட்டுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

நான் அவளை 'பாருங்கோ' என்றதைக் கேட்டுக் கங்காணி திரும்பிப் பார்த்தார். ஆயா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிதானமாகத் தடவினாள்.

"வரலீங்கய்யா. இன்னும் ஒரு மாசம்."

"ஆயா சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றேன், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. மூத்தவன் விஷயத்தையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாய் வரவில்லை. அடுத்த வருஷம் அவள் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டாள்.

அன்று பொய் சொல்லச் சொன்னவன் நான்தான். உங்களுக்குக் கண் மங்கவே இல்லை, அம்மா.