நாலாம் தளத்து இணையக் கவுன்ட்டர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் தண்ணீர் மேல் நலமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் தரை மேல் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லுங்கள்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆறு நாளாகக் குடும்பக் குழுவில் ஒரு காலை வணக்கம்கூட நான் போடாததற்குக் கோபமும் காரணமில்லை. கப்பலில் இணையத்துக்குத் தனிக் கட்டணம், நான் கட்டவில்லை, அவ்வளவுதான். அறை மேசை இழுப்பறையில் கப்பல் படம் போட்ட தாளும் உறையும் இலவசமாக வைத்திருந்தார்கள். இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் காசு கொடுத்துப் பேசுவானேன் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளை கரை இறங்கியதும் தபாலில் சேர்ப்பேன்.

இப்படி எழுதினாலும், அது முழு உண்மை இல்லை. போன மாதம் உங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது, "நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வெச்சே, கடைசியில பொண்ணைக் கப்பல்ல கடை போட அனுப்பிட்டியேம்மா" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். "கம்யூனிகேஷன் டிபார்ட்மென்ட் அண்ணா" என்று மட்டும் சொன்னேன். பாப்பா எனக்குச் சொல்லியிருந்தது அந்த இரண்டு வார்த்தைதான். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு, அவள் கப்பல் உச்சியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவது போலவும், மாலுமிகள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது போலவும் நானே ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன். ஊழியர்களின் பெற்றோர் காலியான அறையில் ஒரு பயணம் வரலாம் என்று டிக்கெட் வந்ததும், அந்தப் படத்தை நேரில் பார்த்துவிட்டு வந்து உங்களுக்குப் பதில் சொல்லலாம் என்றுதான் கிளம்பினேன். பார்க்கும்வரை யாரும் என்னைக் கேள்வி கேட்கக் கூடாது. அதற்கு இணையம் இல்லாமல் இருப்பதுதான் நல்ல வழி.

ஆனால் உங்கள் மாப்பிள்ளை விடவில்லை. முதல் நாள் பெட்டியை அறையில் வைத்ததும், "ஏழு நாள் போன் இல்லாம இருந்தா எனக்குக் கையே நடுங்கிடும்" என்று நாலாம் தளத்துக்கு இழுத்துப் போனார். அங்கே 'இணைய உதவி' என்று பலகை போட்ட கவுன்ட்டர். யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், எதிரே நாற்பது பேர் வரிசை. கையில் கட்டண விவரத் தாளைக் கொடுத்தார்கள். அண்ணா, உங்களுக்குத் தெரியும், பதினெட்டு வருஷமாக நுகர்வோர் உதவி மையத்தில் நான் செய்கிற வேலையே பொடி எழுத்தைப் படிப்பதுதான். மற்றவர்கள் தாளைப் பார்த்தால் விலை தெரியும், எனக்கு நட்சத்திரக் குறிதான் தெரியும். கண்ணாடியை மாட்டி, பென்சிலை எடுத்து, கோடு போட்டு ஓரத்தில் 'கவனிக்க' என்று எழுத ஆரம்பித்துவிட்டேன். வாய் சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. "இங்க பாருங்க, ஒரு நாள்னா இருபத்துநாலு மணி நேரம் இல்லையாம், ராத்திரி பன்னிரண்டோட முடிஞ்சுடுமாம்" என்று இவரிடம் சொன்னேன். முன்னால் நின்றவர், ஓய்வுபெற்ற ரயில் டிரைவராம், திரும்பி "என்னம்மா சொன்னீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஒரு நேரத்தில் ஒரு போன்தான் என்று சொன்னேன். சின்னத் திட்டத்தில் முகம் பார்த்துப் பேச முடியாது, வானிலையால் சிக்னல் போனால் பணம் திரும்ப வராது, வெளியேறாமல் மூடி வைத்தால் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், எல்லாம் சொன்னேன். வேகத்துக்கு உத்தரவாதம் இல்லை என்ற இடம் வரும்போது என்னைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. யாரோ உட்கார நாற்காலி போட்டார். பத்து நிமிஷத்தில் வரிசையைக் காணோம். டிரைவர் என் தாளையே கேட்டு வாங்கிக்கொண்டு, "நல்ல காரியம் பண்ணீங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. லீவில் வந்த இடத்திலும் நாற்பது பேரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று நிமிர்ந்து பார்த்தால், கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு கதவு திறந்து, அந்தப் பெண் எழுந்து போக, வெள்ளைச் சட்டையும் நெஞ்சில் பெயர்ப் பட்டையுமாக வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து, காலியாகக் கிடந்த தரையை இடமும் வலமும் பார்த்தாள்.

"அது நம்ம பாப்பா இல்ல?" என்றார் இவர்.

"திரும்பிப் பார்க்காம நடங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் பத்து நிமிஷ இடைவேளையில் அறைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. "காலைல யாரோ ஒரு அம்மா வரிசையையே கலைச்சுட்டாங்களாம்ப்பா. கண்ணாடிக்குக் கயிறு கட்டியிருந்தாங்களாம்." நான் கழுத்திலிருந்த கண்ணாடியை மெதுவாகக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தேன். உங்கள் மாப்பிள்ளைக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. பிறகுதான் விஷயம் முழுதும் வந்தது. அவளுக்கு ஒன்பது மாத ஒப்பந்தம், இந்தப் பயணத்தோடு முடிகிறது. மேலதிகாரி ஒருவர் இருக்கிறார். சட்டையில் ஒரு மடிப்புகூட விழாது, முகத்திலும் விழாது, அதனால் கூட வேலை செய்கிற பெண்கள் அவருக்கு இஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் கவுன்ட்டரில் இருநூறு பேர் இணையம் எடுத்தால், மேலே கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு நிரந்தர வேலை, அதாவது ஆன்டெனா வேலை. எடுக்காவிட்டால் நன்றி, வீட்டுக்குப் போகலாம். "முதல் நாள்தாம்மா முக்கால்வாசி விக்கும்" என்றாள். நான் "சூப் குடிச்சியா?" என்று கேட்டேன்.

மறுநாள் காலை, கலைத்த வரிசையை நானே சேர்த்துவிடுவது என்று கிளம்பினேன். சாப்பாட்டு மேசையில் ரயில் டிரைவர் தம்பதிதான் எங்களுக்கு எதிரே. "நேத்து நான் கொஞ்சம் கூடுதலாச் சொல்லிட்டேன், அந்த இணையம் அவ்வளவு மோசமில்லைங்க" என்று தொடங்கினேன். அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தி, "நேத்து வேண்டாம்னீங்க, இன்னிக்கு வேணும்ங்கறீங்க. ராத்திரியில எவ்வளவு கமிஷன் பேசினாங்கம்மா?" என்றார். அவர் மனைவி, "விடுங்க, பாவம், அவங்களுக்கும் குடும்பம் இருக்கும்ல" என்றார். மத்தியானத்துக்குள் நான் கம்பெனியின் ஆள் என்றும், பயணி வேஷத்தில் வந்திருக்கிறேன் என்றும் செய்தி ஏழு தளத்துக்கும் போய்விட்டது. இணையமே இல்லாமல் செய்தி இந்த வேகத்தில் போகும்போது இவர்களுக்கு இணையம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்றைக்கே டிரைவர் என் தாளை எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போய், "இதுக்குப் பதில் சொல்லும்மா" என்று பாப்பாவிடம் நீட்டியிருக்கிறார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து வீட்டு மளிகை லிஸ்ட் வரை அவள் பார்த்து வளர்ந்த 'கவனிக்க' அது. அறைக் கதவைத் தட்டி உள்ளே வந்தவள் தாளைக் கட்டிலில் விரித்தாள்.

"இது யார் கையெழுத்துன்னு நான் கேக்க மாட்டேன். இதுல எது தப்புன்னு மட்டும் சொல்லு."

"எதுவும் தப்பில்லடி. அதுதான் பிரச்சினை."

என் பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நாள் பன்னிரண்டு மணிக்கு முடியும்னு எனக்கே தெரியாதும்மா. ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் ஒரு நாள் திட்டம் வித்திருக்கேன். ஒன்பது மாசமா வித்திருக்கேன்" என்று சொல்லி, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை கவுன்ட்டரில் ஒரு அட்டை. அவளே எழுதியது. வாங்கும் முன் மூன்று கேள்வி: யாரிடம் பேச வேண்டும்? எந்த நாளில் பேச வேண்டும்? பேசாவிட்டால் என்ன ஆகும்? நான் தூரத்தில் லிஃப்டுக்குக் காத்திருப்பவள் போல நின்று பார்த்தேன். ஆறு லிஃப்ட் வந்து போயிற்று. ஒரு மொத்த வியாபாரி, "நான் பேசலைன்னா கடையே ஓடாதும்மா" என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி, "ஓடும்மா, நல்லாவே ஓடும், நீ இவருக்கு இணையம் போட்டுக் குடுத்துடாத" என்றார். மருமகளுக்கு இன்றோ நாளையோ பிரசவம் என்று வந்த ஒரு அம்மாவிடம், "நீங்க யோசிக்கவே வேண்டாம், மிச்ச நாள் எல்லாத்துக்கும் எடுங்க" என்று சொல்லி, அவர் போனில் அவளே எல்லாம் செய்து கொடுத்தாள். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று வந்தது.

"பேசாட்டி என்ன ஆகும்?"

"அம்மா கோவிச்சுக்குவாங்க."

"யாரோட அம்மா?"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டு பேரோட அம்மாவும்."

"அப்ப ஒண்ணு எடுத்துப் பங்கு போட்டுக்குங்க. ஒரு நேரத்துல ஒரு போன்தான் வேலை செய்யும். உங்களுக்கு அது நல்லதுதான்."

வேண்டாதவர்களை அவள் திருப்பி அனுப்ப அனுப்ப, இந்தப் பெண் பொய் சொல்ல மாட்டாள் என்று சேதி பரவி, முதல் நாள் கலைந்தவர்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்தார்கள். ரயில் டிரைவர்கூட வந்து, பேத்தியின் பிறந்தநாளுக்கென்று ஒரே ஒரு நாள் எடுத்தார், அதுவும் காலை ஆறு மணிக்கு, நாள் முழுதாகக் கிடைக்கட்டும் என்று. நாலாம் நாள் மொத்தம் நூற்று இருபது. ஐந்தாம் நாள் நூற்று எழுபது. இன்று மாலை கவுன்ட்டர் மூடும் நேரத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

ஒன்றுதான் குறை. உங்கள் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கைப்பையை எடுத்தேன். ஆறு நாள் பிடித்த பிடிவாதத்தை விட்டுவிட்டு வரிசையில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் ஒருவர், அவருக்கும் பின்னால் சுவரோரமாக மடிப்பு விழாத ஒரு சட்டை.

"பாப்பா, எனக்கு ஒண்ணு போடு."

"சொல்லுங்க மேடம். யார்கிட்ட பேசணும்?"

"எங்க அண்ணாகிட்ட."

"என்னிக்கு?"

"இன்னிக்கே."

"நாளைக்குக் காலைல கரைக்குப் போயிடுவோம். அதுவரைக்கும் பேசாட்டி என்ன ஆகும்?"

உண்மையைச் சொன்னால், ஒன்றும் ஆகாது. குனிந்து மெதுவாக, "இருநூறாவது ஆள்டி நான், பேசாம போடு" என்றேன். அவள் நேராக என்னைப் பார்த்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது, குரல் மட்டும் அசையவில்லை. "உங்களுக்கு இது தேவையில்லை மேடம். அடுத்தவங்க வாங்க."

அடுத்தவர் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் நின்றிருந்தார். கவுன்ட்டர் மூடியது.

அண்ணா, அவள் நடக்கக் கற்றுக்கொண்ட அன்றும், பட்டம் வாங்கிய அன்றும் நான் பெருமைப்பட்டிருக்கிறேன். வேலை போகிற நேரத்தில் பெற்ற தாயைத் திருப்பி அனுப்பினாளே, அப்போது பட்ட பெருமையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏழாம் தளத்துக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவரும் வந்து பக்கத்தில் நின்றார். போனைக் கேட்கவே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து பாப்பா ஓடி வந்தாள். ஒவ்வொரு பயணத்திலும் கடைசிக்கு முந்தைய நாள் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பெரிய வரிசை நிற்குமாம், இஸ்திரி அன்றைக்கெல்லாம் சாப்பிடவே மாட்டாராம். இன்று ஒருத்தர்கூட வரவில்லை. "நூத்தித் தொண்ணூத்தொன்பது போதும், அடுத்த பயணத்துல இருந்து மேல வந்துடு" என்று சொல்லிவிட்டாராம். ஆகவே அண்ணா, கேட்பவர்களிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்: உங்கள் தங்கை பெண் கட்டுப்பாட்டு அறையில், கப்பலின் மொத்தத் தொடர்பையும் கையில் வைத்திருக்கிறாள். கவுன்ட்டர் கதையெல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு அத்தையின் ஆசி. உங்களுக்கு என் வணக்கமும் கூடவே கொஞ்சம் கர்வமும். அதற்குத் தனி உறை கிடைக்காததால் இதிலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் காலையில் பாப்பா வந்துவிட்டாள். மேலே போகவில்லையாம். நேற்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனவள் மேலே ஏறி அந்த அறையைப் பார்த்துவிட்டு, இஸ்திரியிடம் "வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டாளாம். "ஆறு திரை, ஒரு நாற்காலிம்மா. பேச ஆளே இல்ல. எனக்குக் கவுன்ட்டர்தான் பிடிச்சிருக்கு." அவர் யோசித்துவிட்டு, கவுன்ட்டரையே நிரந்தரமாக அவள் பொறுப்பில் கொடுத்துவிட்டாராம். ஆகவே மேலே கட்டுப்பாட்டு அறை பற்றி நான் எழுதியதை யாரிடமும் சொல்ல வேண்டாம். "மாமாகிட்ட என்னடி சொல்றது?" என்றேன். "கவுன்ட்டர்ல இருக்கேன்னு சொல்லு, அதுல என்ன?" என்றாள். ஒரே நாளில் அம்மாவிடமும் அதிகாரியிடமும் முகத்துக்கு நேராக மறுத்திருக்கிறாள், இரண்டு பேருமே கோபப்படவில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. ஊராருக்காகப் பதினெட்டு வருஷம் மறுப்பு எழுதியிருக்கிறேன், சொந்த மனுஷர் முன்னால் ஒரு தடவைகூட வாயைத் திறந்து மறுத்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன் அண்ணா. கடை போட அனுப்பியதைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். அண்ணியிடம் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் தயாராக வைக்கச் சொல்லுங்கள். எனக்கு இல்லை, உங்களுக்கு.