எடைமேடைத் தொடப்பம்

திருவொற்றியூர் ஹைரோட்டில் லாரிகளை வரிசையாக நிற்க வைக்கும் அதிகாரம், போக்குவரத்துப் போலீஸுக்கு அடுத்தபடி ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. எங்கள் கன்டெய்னர் யார்டின் எடைமேடை ஆபரேட்டர், தொடப்பம். நிஜப் பெயர் அவரை வேலைக்கு அனுப்பிய காண்ட்ராக்டருக்கு மட்டும்தான் தெரியும்.

எடைமேடை சாஃப்ட்வேர் ஒரு கிழட்டு கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். புதுசு வாங்கச் சொன்னால் மேனேஜருக்கு நெஞ்சு வலிக்கும். அதனால் உள்ளே ஒரு எஸ்.எஸ்.டி. டிஸ்கை மட்டும் மாட்டிவிட்டு, கிழவனுக்குப் பல் கட்டிவிட்ட திருப்தியில் இருந்தார். புது கம்ப்யூட்டர் என்றால் அந்த டிஸ்கைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். இதற்கு ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டும். புதன்கிழமைதோறும் மதியம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வேண்டாத ஃபைல்களை அழித்து, ஒரு கட்டளையை ஓட்டிவிட்டு, கைகட்டி உட்கார்ந்துவிடுவார் நம் ஆபரேட்டர். தொடப்பம் என்ற பெயர் அதனால் வந்ததுதான். வெளியே லாரிகள் ஹாரன் அடித்தே சாகும்.

"இன்னா நைனா, உள்ள இன்னா பிரசவமா?" என்று ஒரு டிரைவர் கத்துவார்.

"சொம்மா இரு மாமு! வேலை நடந்துகினு கீது."

பக்கத்து மேஜையில் டெலிவரி சீட்டு எழுதும் நான், "அதான் டெலிட் பண்ணியாச்சே நைனா, அப்புறம் என்ன?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"டெலிட் பண்ணா நம்ம கணக்குலதான் போச்சு. டிஸ்குக்கு அது தெரியாது. இன்னும் தேவைன்னு நெனச்சு சொமந்துகினு கீது. சீட்டைக் கிழிச்சிட்டா கன்டெய்னர் தானா யார்டை வுட்டுப் பூடுமா? 'இது வாணாம்'னு டிஸ்குக்கு சொல்லணும். சொன்னாத்தான் எடம் காலியாவும்."

அதோடு விட்டாரா? டிஸ்கில் கால்வாசி எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார். நான் சேர்த்து வைத்த பாட்டெல்லாம் போயிற்று. திரையில் சிரித்துக்கொண்டிருந்த முருகனும் போனார். ஃபைல்களை அழகாக அடுக்கித் தருகிறேன் என்று டிஃப்ராக் ஓட்டிய அக்கவுன்டன்டை, "இது சுத்துற டிஸ்க் இல்லய்யா, அடுக்க அடுக்கத் தேயும்!" என்று கேட் வரை துரத்தினார்.

பிறகு மேனேஜர் மகளுக்குக் காதுகுத்து நடந்தது. படங்களை அந்தக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, போனிலிருந்து அழித்துவிட்டார் மேனேஜர். புதன்கிழமை வந்தது; வேண்டாத ஃபைல்களோடு காதுகுத்துப் படங்களும் போயின. ராயபுரத்திலிருந்து வரவழைத்த கம்ப்யூட்டர் கடைக்காரர் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வெறுமனே அழிச்சிருந்தா மீட்டுக் குடுத்திருப்பேன் சார். இவரு டிஸ்குக்கும் சொல்லிட்டாரே."

தொடப்பம் பெருமையாகத் தலையாட்டினார். அங்கேதான் தொலைந்தார்.

மேனேஜர் ஒரு வார்த்தை திட்டவில்லை. காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு, தொடப்பத்தின் பெயரை ஆள் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். அவரிடம் யாரும் சொல்லவில்லை. எங்களிடமும் மூச்சு விடவில்லை. அவர் பாட்டுக்கு வந்தார், எடை போட்டார், புதன்கிழமை துடைத்தார். மேனேஜரும் சிரித்தபடியே வேலை வாங்கிக்கொண்டார். மாதம் பிறந்து எல்லோருக்கும் புது கேட் பாஸ் வந்தபோது, அவருக்கு மட்டும் வரவில்லை.

"உன் பேரை எடுத்து ரொம்ப நாளாச்சாமே நைனா?" என்றார் செக்யூரிட்டி.

தொடப்பம் நேராக மேனேஜர் அறை வாசலில் போய் நின்றார்.

"டெலிட் பண்ணிக்கினீங்க, சரி சார். எனுக்கு யாராச்சும் சொல்ல வாணாமா?"

மேனேஜர் தலைநிமிராமல் ஏதோ ஃபைலைப் புரட்டினார். டிஸ்குக்குக் கொடுத்த மரியாதையை ஒரு மனிதனுக்குக் கொடுக்க எங்கள் யார்டில் ஆளில்லை.

தொடப்பம் போனபின் டிஸ்கைத் துடைக்க ஆளில்லாமல் கிழட்டு கம்ப்யூட்டர் இழுத்தது; ஒரு எடைச் சீட்டு வருவதற்குள் டீ ஆறிவிடும். லாரி வரிசை எண்ணூரைப் பார்த்து வளர்ந்தது. கடைசியில் கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் புதுசாக வாங்கினார்கள். மேனேஜருக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை.

தொடப்பம் இனி வரமாட்டார் என்று என்னிடம் இதுவரை யாரும் முறையாகச் சொல்லவில்லை. அதனால் புதன்கிழமை மதியம் டீ சொல்லும்போது, அவருக்கும் ஒன்று சேர்த்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.