கதவுக்கு வைத்த காசு

பழைய சாமான் கடை வாசலில் செல்வநாயகத்தின் சைக்கிள் தானாகவே நின்றது. அங்கே கிடந்தது, ஒருகாலத்தில் அவர் கால்நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்த அவருடைய சாய்மனைக் கதிரை. சந்தேகமே இல்லை. கைப்பிடியில் மகள் நிருஷா பால்பல்லால் கடித்த தடம்கூட அப்படியே இருந்தது. போரில் ஊரைவிட்டு ஓடியபோது விட்டுப்போன கதிரை அது. ஓடிப்போன இந்தியாவில், அகதி முகாமிலேயே கலியாணம் முடித்து மகள் அங்கேயே தங்கிவிட்டாள். அவரும் மனைவியும் மட்டும் திரும்பி வந்திருந்தார்கள்.

நறுவிலிக்குளத்தில் அவர்கள் கட்டிய புதுவீட்டுக்கு இன்னும் கதவில்லை. வாசலில் சீலைதான் தொங்கியது. "கதவு வாறவரைக்கும் வேறை ஒண்டும் வாங்கக்கூடாது" என்று மனைவி மனோன்மணி சத்தியம் வாங்கியிருந்தாள்.

'என்ர கதிரை' என்று சொன்னால் கடைக்காரன் விலையை ஏற்றிவிடுவான். பார்த்துவிட்டுப் போய்விடுவோம் என்று நினைத்தார். சும்மா நின்றால் சந்தேகம் வருமே என்று ஒரு வாளி வாங்கினார்.

கடைக்காரர் வஸீர் கேட்டார்: "கதிரையைப் பாக்கிறியள்போல. தெரிஞ்ச கதிரையோ?"

"சீச்சீ! நான் உந்தக் கதிரையைக் கண்டதேயில்லை."

வஸீரின் முகம் வாடியது. விலை இறங்கப்போகிறது என்று செல்வநாயகம் உள்ளுக்குள் மகிழ்ந்தார்.

அடுத்த கிழமையும் கதிரையைப் பார்க்கப் போனார். கொளுத்தும் வெயிலில் மழைக்குடையோடு திரும்பினார். அதற்குப் பிறகு கோழிக்கூடு ஒன்று வந்தது.

"எங்களிட்டைக் கோழி இல்லையேப்பா?"

"மலிவாக் கிடந்தது."

"மனிசருக்குக் கதவில்லை. இல்லாத கோழிக்குக் கதவு வைச்ச கூடு!"

இனி ஆசைக்கு இடம் கொடுப்பதில்லை என்று, கதவுக்கு வைத்ததில் மிச்சக் காசை மனைவியிடமே ஒப்படைத்தார். வெறுங்கையோடு போனவர், கடனுக்கு ஒரு அம்மியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

மனோன்மணிக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கடையில அப்பிடி என்னதான் இருக்கு? ஆரும் பொம்பிளையோ?"

"எங்கட கதிரை" என்றார். "பிள்ளை கடிச்ச கதிரை."

மனோன்மணி கிட்ட வந்தாள்.

"பல்லுத்தடம் இருக்கோ?"

"ஓம். அப்பிடியே இருக்கு."

உள்ளே போய்க் காசை எடுத்துவந்து அவர் கையில் திணித்தாள். "சீலை தொங்கட்டும். நீங்கள் போய் வாங்கிக்கொண்டு வாங்கோ."

கடையில் வஸீர் இல்லை. அவருடைய மனைவி ஹிதாயா இருந்தாள். செல்வநாயகம் காசை மேசையில் வைத்தார். கதிரையின் பக்கம் திரும்பாமல், வேண்டாவெறுப்பாகக் கேட்பதுபோல் கேட்டார்: "உந்தப் பழங்கதிரை என்ன விலை, பிள்ளை?"

"அது விக்கிறதுக்கில்லை ஐயா. நாங்க இடம்பெயர்ந்து திரும்பி வரேக்க எங்கட வீட்டுக்குள்ள கிடந்தது. சொந்தக்காரர் கண்டு 'என்ர' எண்டு கேட்டால் சும்மா குடுப்பம் எண்டுதான் அவர் வாசலில போட்டு வச்சிருக்கார்."