நீச்சல்குளம் முழுக்கக் கேட்ட ரகசியம்

அன்பும் மரியாதையும் நிறைந்த ஹில்கா அக்காவுக்கு,

தம்பி தைஸ்தோ எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், ஏரியில் பனியும் உருகிவிட்டது. உன் முழங்கால் வலி குறைந்ததா, அங்கே சுவீடனில் அத்தான் இன்னும் அந்த ஊர்க்காரர்களோடு மல்லுக்கு நிற்கிறாரா என்று எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் நீச்சல்குளத்தில் தெல்லெர்வோ என்று ஒரு அம்மாள் எங்களைப் போன்ற கிழடுகளுக்குத் தண்ணீரில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் மனசைச் சொல்லிவிடுவது என்று நாலு வருஷமாகப் போகிறேன், "தண்ணி சூடா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறேன். இந்தக் கோடையோடு அவள் தூரத்து ஓலு நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கே குடிபோகிறாளாம். கேட்டதிலிருந்து எனக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் குளத்து மேனேஜர் ஒரு வேலைக்குக் கூப்பிட்டார். அங்கே டெலிபோனை எடுத்துப் பேசினால் குளம், சானா என்கிற நீராவிக் குளியல் அறை, எல்லா இடத்திலும் ஒலிபெருக்கியில் கேட்கும். அந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் சத்தம் உள்ளே வர ஒரு ஜோடி முனை, வெளியே போக ஒரு ஜோடி முனை சும்மா கிடந்தன. உள்ளே வருவதில் ரேடியோ, வெளியே போவதில் குளத்துக் காபிக்கடையின் ஸ்பீக்கர், இரண்டையும் மாட்டித் தர வேண்டும். ரிட்டயரான எலக்ட்ரீஷியனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? புதன்கிழமையே மாட்டிவிட்டேன். வியாழன் காலை பயிற்சிக்கு ரேடியோவில் பாட்டைப் போட்டால் சத்தமே இல்லை! வால்யூமை முழுசாக வைத்தேன், அப்போதும் மூச்சில்லை. சரி, ஒரு காபி குடித்துவிட்டு வந்து பார்ப்போம் என்று அந்தக் காபிக்கடைக்கு, அதை நடத்தும் என் சிநேகிதன் ரெய்னோவிடம் போனேன்.

"என்னடா, மூஞ்சி தொங்குது?" என்றான். அவ்வளவுதான், கொட்டிவிட்டேன்.

"தெல்லெர்வோ போறாடா. அவ நீலத் தொப்பியப் பாத்தாலே நெஞ்சு படபடங்குது. போகாத, என்னோட இருன்னு சொல்லணும். வாய் வரமாட்டேங்குதுடா."

"சொல்லித் தொலையேன்!"

"சிரிச்சுட்டா?"

"உன் மூஞ்சியப் பாத்து நாலு வருஷமா சிரிக்காம இருக்காளே, அதுவே பெரிய அன்புடா."

சத்தம் உள்ளே வரும் முனையில் ஸ்பீக்கரை மாட்டினால் அது மைக் ஆகிவிடும் என்று எனக்குத் தெரியாதா, தெரியும். ரேடியோ கம்பியும் காபிக்கடை ஸ்பீக்கர் கம்பியும் இடம் மாறிக் கிடப்பதுதான் தெரியாது. நாங்கள் பேசியதெல்லாம் குளத்திலும் சானாவிலும் முழங்கியிருக்கிறது அக்கா! வேறு தேசமாக இருந்தால் ஒருத்தராவது ஓடிவந்து சொல்லியிருப்பார். நம் ஜனம் சொல்லுமா? அடுத்தவன் சங்கதி நமக்கெதற்கு என்று கழுத்தளவு தண்ணீரில் கையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சானாவில் யாரோ ஒருவர் மட்டும் ஆவி கிளம்ப, சூடான கல்லில் இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றினாராம்.

காபிக்கடைக் கதவு திறந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு, சொட்டச் சொட்டத் தெல்லெர்வோ. பின்னால் மொத்தப் பயிற்சிப் பட்டாளமும் சுவரைப் பார்த்தபடி நின்றது.

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. என்கிட்டயும் ஒரு தடவ சொல்லிடுங்களேன், தைஸ்தோ."

காது நுனிவரை சிவந்துபோனேன். ஆனால் சொன்னேன் அக்கா, சொல்லியே விட்டேன்! "போகாதீங்க."

"சரி, மகளுக்கு போன் பண்ணிடறேன்," என்றாள்.

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூட்டத்தில் ஒருத்தர் இருமினார், நம் ஊரில் அது கைதட்டலுக்குச் சமம்.

கோடைத் திருவிழா முடிந்த மறுநாள் கல்யாணம். அத்தானோடு வந்து வாய் நிறைய வாழ்த்திவிட்டுப் போ. காலமெல்லாம் கம்பி இழுத்தவன் உள்ளே எது வெளியே எது என்று தடுமாறியது வெட்கம்தான். ஆனால் என் ஆயுசிலேயே நான் செய்த நல்ல காரியம் அந்தத் தப்புதான்.

உன் பிரியமுள்ள தம்பி,
தைஸ்தோ

பி.கு.: இதைத் தெல்லெர்வோவிடம் படிக்கக் கொடுத்தேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "நீங்க சரியாத்தான் மாட்டியிருந்தீங்க. புதன்கிழமை சாயங்காலம் கம்பிய மாத்தினது நான். என்கிட்ட சொல்ல முடியாததெல்லாம் ரெய்னோகிட்டதானே கொட்டுவீங்க? நேரா வந்து சொல்வீங்கன்னு காத்திருந்தா குளமே வத்திப் போயிருக்கும்!"