லத்தீன் அமெரிக்காவுக்கு நாலு கையெழுத்து

“இதுல நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. ‘துறைத் தலைவர்’னு அச்சடிச்சிருக்கு பாருங்க. இந்தப் படிப்புக்குத் துறையே கிடையாதே!” என்றார் வரலாற்றுக்காரர்.

சீலக்கா படிப்பு முடித்ததற்கான படிவத்தைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ரெண்டு. தேர்வு அலுவலகம் அஞ்சுக்குப் பூட்டிவிடும்.

“துறையே இல்லாமலா சார் அஞ்சு வருஷம் என்னைப் படிக்க வெச்சீங்க?”

“வரலாறு, புவியியல், பொருளாதாரம், மொழி, நாலும் சேர்ந்த படிப்பும்மா. நாலு பேரும் தலைவர்னா, யாருமே தலைவர் இல்லைன்னுதானே அர்த்தம்?”

சீலக்கா ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. பதினஞ்சு வருஷமாக ஊரார் காகிதத்தில் சீல் குத்திக் குத்தியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சனி, ஞாயிறு வகுப்பில் லத்தீன் அமெரிக்கவியல் படிக்கப்போகிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கு ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று போய்ச் சேர்ந்துவிட்டாள். கூடச் சேர்ந்த ஏழு பேரும் முதல் வருஷமே ஓடிப்போனார்கள். அவள் ஓடுகிற ரகம் இல்லை.

படிப்பு என்னவோ மூணு வருஷம்தான். எழுதிய பரீட்சை அத்தனையிலும் தேறியும், முடிகிற நேரம் பார்த்து ஒரு புதுத் தாள் முளைக்கும். இப்படியே அஞ்சு வருஷம் ஆகிவிட்டது. கப்பல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு எதற்கு டிகிரி என்ற இளக்காரம்தான் இவர்களுக்கு என்று அவளுக்கு உள்ளூரக் கொதித்தது.

இந்த முறை விட முடியாது. மேனேஜர் சொல்லிவிட்டார்: “திங்கட்கிழமை காலையில டிகிரி என் மேசையில இருந்தா தென்னமெரிக்கப் பிரிவுக்கு நீதான் தலைமை. இல்லேன்னா என் மச்சினன்.” அந்த மச்சினன் பொலிவியாத் துறைமுகத்துக்கு நேரே கப்பல் ஏற்பாடு செய்த மகானுபாவன். பொலிவியாவுக்குக் கடலே கிடையாது. அவன் கீழே கைகட்டி நிற்பதா? நடக்கவே நடக்காது.

“தலைவர் நாலு பேர்னா கோடும் நாலு இருக்கட்டும்” என்று அங்கேயே ஸ்கேலை எடுத்து இன்னும் மூணு கோடு போட்டாள். “முதல்ல மத்த மூணு பேரும் போடட்டும்” என்று நழுவினார் வரலாற்றுக்காரர்.

இந்தப் படிப்புக்கென்று நியமித்த நாலு பேருக்கும் நாலு கட்டடத்தில், ஆளுக்கொரு மூலையில் ஒரு மேசை. சீலக்கா மூச்சிரைக்க அடுத்த கட்டடத்தின் மூணாம் மாடி ஏறினாள்.

புவியியல்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “யாரு இந்தக் கோடு போட்டது?”

“நான்தான் சார். நேராத்தான் போட்டிருக்கேன்.”

“கோட்டை யார் வேணா போட்டுக்கலாம்னா அப்புறம் உலகத்துல எல்லைச் சண்டை எதுக்கும்மா? திருத்தின படிவம் செல்லாது. வேற வாங்கிட்டு வாங்க.”

அந்தப் படிப்புக்கென்று இருந்த ஒரே பொது அறையில் அட்டெண்டர் அலமாரியைக் குடைந்து ஒரு படிவத்தை நீட்டினார்.

“பழசு தீர்ந்துபோச்சும்மா. புது மாதிரிதான் இருக்கு.”

புது மாதிரியில் நாலு கட்டம் இருந்தது. கூடவே வருகைச் சான்றும், ஸ்பானிஷ் மொழியில் ஆய்வுச் சுருக்கமும் கேட்டிருந்தது. ஒரு கையெழுத்துக்குப் போனவள் ஆறு வேலையோடு திரும்பினாள்.

பொருளாதாரக்காரர் வருகைப் பதிவேட்டை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். “ஒரு மணி நேரம் குறையுதேம்மா.”

“அந்த ஒரு மணி நேரத்தை இப்பவே நடத்துங்க.”

“இப்பவா?”

“நான் உக்காந்தாச்சு சார்.”

மனிதருக்கு முகமெல்லாம் பல். பணவீக்கத்தைப் பற்றிக் கரும்பலகை நிறைய எழுதித் தள்ளினார். சீலக்கா பல்லைக் கடித்துக்கொண்டு குறிப்பெடுத்தாள். முடித்ததும் கையைத் தட்டிக்கொண்டு, “பிரமாதம்! இதுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம் இருக்கு. அடுத்த மாசம் குடுத்தாப் போதும், போட்டுடறேன்” என்றார்.

வெளியே வந்தால் வீட்டுக்காரர் போன்.

“கிடைச்சுதா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“போகட்டும் விடேன். எதுக்கு வீணா அலையறே?”

“விடறதா? அஞ்சு வருஷம் ஞாயித்துக்கிழமைன்னா என்னன்னே தெரியாம படிச்சிருக்கேன். ராத்திரி சோறு நீங்களே வடிச்சுக்கோங்க!”

மொழியம்மா வீட்டுக்குப் புறப்படும் தறுவாயில் இருந்தார். சீலக்கா அவர் மேசை ஓரத்திலேயே நின்றபடி ஸ்பானிஷில் ஒரு பக்கம் எழுதி நீட்டினாள். மொழியம்மா சிவப்புப் பேனாவை எடுத்தார். எடுத்தவர் வைக்கவே இல்லை.

“நாப்பத்தோரு திருத்தம்தான். எவ்வளவு அழகா எழுதறீங்க! இன்னும் ஒரே ஒரு வருஷம் பழகினா எங்கேயோ போயிடுவீங்க.”

அவ்வளவுதான். சீலக்காவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நேரே பொது அறைக்குப் போய் மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

“அட்டெண்டரே, நாலு பேரையும் கூப்பிடுங்க. கையெழுத்து விழாம இந்த மேசையை விட்டு இறங்க மாட்டேன். பூட்டறதா இருந்தா என்னையும் வெச்சுப் பூட்டுங்க!”

நாலு பேரும் வந்தார்கள். வந்து நாலு மூலையில் நின்றார்கள். லத்தீன் அமெரிக்காவில் மெக்சிகோ சேர்த்தியா, இல்லையா என்று எப்போதோ வந்த சண்டையில் அவர்கள் பேச்சை நிறுத்தி ஒன்பது வருஷம். மணி நாலே முக்கால்.

“எனக்குத் தெரியலைன்னுதானே இழுத்தடிக்கிறீங்க? கேளுங்க, நாலு பேரும் இப்பவே கேளுங்க. ஒண்ணு தப்பாச் சொன்னாலும் நானே இதைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடறேன்.”

புவியியல்காரர் தொண்டையைச் செருமினார். “பிரேசில் மலைச்சரிவுல ஒரு ராத்திரி உறைபனி விழுது. என்ன ஆகும்?”

“காப்பிச் செடி கருகிடும் சார்.”

“கருகினா?” என்றார் பொருளாதாரக்காரர்.

“உலகம் பூரா காப்பி விலை ஏறும். ஆனா கருகின தோட்டக்காரனுக்கு விக்கச் சரக்கு இருக்காது. விலை ஏறினதுல அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.”

“அப்புறம்?” வரலாற்றுக்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

“காப்பியைப் பிடுங்கிட்டு வேற பயிர் வைப்பாங்க. அதுக்கு மெஷின் போதும். கூலிக்காரன் குடும்பத்தோட நகரத்துக்குப் போவான். ஒரு ராத்திரிப் பனி ஒரு நகரத்தையே பெருசாக்கிடும் சார்.”

மொழியம்மா மெல்லக் கேட்டார். “அந்தக் கூலிக்காரன் ஸ்பானிஷ்ல எப்படி அழுவான்?”

“அழவே மாட்டான் மேடம். அது பிரேசில். போர்த்துகீஸ்லதான் அழுவான்.”

நாலு பேரும் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரலாற்றுக்காரர் பேனாவைத் திறந்தார். “நாம நாலு பேரும் தனித்தனியாச் சொல்லிக்கொடுத்ததை இந்தப் பொண்ணு ஒண்ணாச் சேர்த்துட்டாய்யா. இதுக்கு மேல பிடிச்சு வெச்சா பாவம்” என்று சொல்லிவிட்டு முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மத்தவர்களும் ஒவ்வொருவராகப் போட்டார்கள். வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மொழியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சீலக்காவை இழுத்து அணைத்தார். புவியியல்காரர் பொருளாதாரக்காரரின் தோளில் கைபோட்டபடி வெளியே போனார்.

அட்டெண்டர் படிவத்தை வாங்கிக்கொண்டு ஓடி, அஞ்சடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது தேர்வு அலுவலகத்தில் கொடுத்து, அங்கே தயாராகக் காத்திருந்த சான்றிதழோடு திரும்பினார். சீலக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டு மேசையிலிருந்து குதித்து இறங்கினாள். ஜெயித்துவிட்டாள்! மச்சினன் முகம் போகிற போக்கை நினைத்தாலே இனித்தது.

“பார்த்தீங்களா அட்டெண்டரே? விடாம நின்னா வழிக்கு வந்துட்டாங்க. ஒரு கையெழுத்துப் போடறதுக்கு இத்தனை வருஷமும் இத்தனை அழுகையும் எதுக்கு?”

அட்டெண்டர் அலமாரியைப் பூட்டி, சாவியை மேசைமேல் வைத்தார்.

“நாலு வருஷமா இந்தப் படிப்புல இருந்த ஒரே ஆள் நீங்கதாம்மா, நீங்க பாஸாகிற அன்னிக்கு இதை மூடிடணும்னு உத்தரவு, என்னையும் சேர்த்து அஞ்சு பேருக்கும் இன்னியோட வேலை போச்சு.”