மூன்றாவது வேண்டாம்

“எனக்கு வேண்டாம். அவவுக்குக் குடுங்கோ.”

“ஐயா, இது வெறும் தண்ணி.”

“ஓம், தெரியும். வேண்டாம்.”

“இன்னும் ஒருக்காக் கேளுங்கோ மிஸ். மூண்டாந்தரம் வாங்கிக் குடிப்பார்.”

கடைசியாகச் சொன்னவள் சுபோதினி. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். உளவளத்துணையாளர் ஜெகதீஸ்வரி மூன்றாம் தரம் கேட்கவில்லை. கிளாசை மேசை நடுவில் வைத்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். சுபோதினியின் கணவர் நாகேந்திரம், கோவிலில் கடைசி வரிசையில் நிற்பவரைப் போல, அந்தக் கிளாசைப் பார்த்துச் சிரித்தார்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேல் இருந்தது அந்த அறை. அவர்கள் வந்தது சுபோதினியின் கோபத்துக்கு வைத்தியம் பார்க்க. மெல்போர்னில் இருக்கும் மகள் அருந்ததிதான் இணையத்தில் நேரம் எடுத்திருந்தாள். அப்பா போனில் அழுதாராம். “அம்மா, போய்க் காட்டுங்கோ. காட்டி முடியும் வரைக்கும் என்னோட கதைக்க வேண்டாம்,” என்றாள். அந்த வீட்டின் எல்லா அழைப்புகளையும் போல அதுவும் ஸ்பீக்கரில்தான் கேட்டது. “அம்மாவை ஏசாதை, பிள்ளை,” என்று பக்கத்திலிருந்து நாகேந்திரம் சொன்னார். ஆறு கிழமையாக மகளின் குரல் இல்லை. கோபம் சுகமானால் அந்தக் குரல் திரும்ப வரும். சுபோதினிக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

விருந்துக்குப் போன இடத்தில் முதல் இரண்டு தரம் வேண்டாம் என்பது மரியாதை. நாகேந்திரம் அதைத் தன் வீட்டிலேயே கடைப்பிடித்தார். இருபத்தெட்டு வருடமாகத் தேநீருக்கு மூன்று தரம், சோற்றுக்கு மூன்று தரம், மழை நாளில் போர்வைக்கு மூன்று தரம். இரண்டோடு நிறுத்தினால் அன்று அவர் பட்டினி. மறுநாள் கொட்டாஞ்சேனையில் அவருடைய தங்கைக்குச் செய்தி போயிருக்கும். சுபோதினிக்குக் கோபம் வருவது எப்போதும் இரண்டாவது வேண்டாமுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான்.

“பிழை என்னில எண்டே எழுதுங்கோ மிஸ்,” என்றார் நாகேந்திரம்.

“என்ன பிழை, ஐயா?”

அவர் வெகுநேரம் யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

ஜெகதீஸ்வரி ஒரு வீட்டுவேலை கொடுத்தார். இந்தக் கிழமை நாகேந்திரம் ஒரு தரம் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். வேண்டுமென்றால் அவர் வாயால் சொல்ல வேண்டும்.

திங்கள் காலை தேநீர் வேண்டாம் என்றார். சுபோதினி கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். மதியம் சோறும் போனது. செவ்வாய்க்கிழமை அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அடுக்குமாடியின் லிஃப்ட் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், அவ்வளவுதான். பின்னேரம் மூன்றாம் மாடியிலிருந்து இடியப்பம் வந்தது. ஐந்தாம் மாடியிலிருந்து கட்லட் வந்தது. புதன்கிழமை கொட்டாஞ்சேனைத் தங்கை சட்டியோடு வந்து இறங்கினாள். எல்லோரிடமும் அவர் இரண்டு தரம் வேண்டாம் என்றார், எல்லோரும் மூன்றாம் தரம் கேட்டார்கள். குளிர்சாதனப் பெட்டி மூட மறுத்தது.

சுபோதினி வெட்கம் தாங்காமல் நேரே கேட்டாள்.

“உங்களுக்கு என்ன வேணும் எண்டு வாயால சொல்லுங்கோவன்.”

“நீர் சந்தோசமா இருந்தால் காணும்,” என்றார் அவர். பிறகு பல்கனியில் நின்று மகளுக்குக் குரற்செய்தி அனுப்பினார். “அம்மாவில ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. நான் கொஞ்சம் மெலிஞ்சிட்டன், அவ்வளவுதான்.”

மெலிந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அவள் பயந்துபோய், வெள்ளிக்கிழமை அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்து, நான்கு தரம் கேட்டாள். கடமைக்குத் தர வேண்டாம் என்றார். சுபோதினி அகப்பையைச் சுவரில் எறிந்தாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து, பெருமூச்சு விட்டு, மூடியது.

அடுத்த கிழமை அவர் ஜெகதீஸ்வரியின் முன்னால் தலை குனிந்து இருந்தார்.

“இவவுக்காகத்தான் வந்தனான். நான் இடைஞ்சல் எண்டால் எழும்பிப் போறன். எனக்கு இதெல்லாம் வேண்டாம்.”

“சரி, ஐயா,” என்றார் ஜெகதீஸ்வரி. “தனியக் கதைக்கோணும் எண்டு நினைச்சால் எப்பவும் வரலாம்.”

நாகேந்திரம் கதவின் பிடியில் கை வைத்தபடி நின்றார். கடற்கரைப் பக்கம் ஒரு ரயில் வந்து, முழுதாகக் கடந்துபோனது. யாரும் கூப்பிடவில்லை. சுபோதினி பழக்கத்தில் எழுந்தாள். ஜெகதீஸ்வரி மெல்ல அவளுடைய கையைத் தொட்டார். நாகேந்திரம் திரும்பிப் பார்த்த முகம், திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளையின் முகமாக இருந்தது. சுபோதினிக்கு அழுகை வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

“தான்தான் பெரிசு எண்டதை எல்லாரும் நெஞ்சை நிமிர்த்திக் காட்டுறேல்லை,” என்றார் ஜெகதீஸ்வரி. “சிலர் குனிஞ்சு காட்டுவினம். அது லேசில மாறாது. அவர் தானா வந்தால் பாப்பம். உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். உங்களை ஆர் மூண்டுதரம் கேட்டிருக்கினம்?”

சுபோதினிக்குக் கேள்வி விளங்கவில்லை. தன் கோபம் எப்போது சுகமாகும், மகள் எப்போது கதைப்பாள் என்று கேட்டாள். அடுத்த கிழமை தனியாக வரச் சொன்னார் ஜெகதீஸ்வரி.

வெளியே வரவேற்பு மேசையில் துஷாந்தினி இருந்தாள், மலைநாட்டில் அட்டன் பக்கத்துப் பெண். “தேத்தண்ணி குடிக்கிறீங்களா ஆன்ட்டி?” என்றாள்.

“வேண்டாம், பிள்ளை.”

“கொஞ்சமா?”

“வேண்டாம். அவர் கீழ நிப்பார்.”

துஷாந்தினி அறைக் கதவை ஒரு தரம் பார்த்துவிட்டு, மேசையிலிருந்த பதிவுப் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா ஏசுவாங்க ஆன்ட்டி. உங்க மக நேரம் எடுத்தது அப்பாவுக்கு. அம்மாவுக்கு வைத்தியம்னு சொன்னாத்தான் அவரு வருவாரு, அம்மாகிட்ட போன்ல வெளக்க முடியாது, அப்பா ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு இருப்பாருன்னு எழுதியிருக்காங்க. கீழ இன்னொண்ணு இருக்கு: ‘அம்மாவுக்கு ஒரு தேத்தண்ணி குடுங்க, வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, மூணாந்தரமும் கேளுங்க.’ குடிங்க ஆன்ட்டி.”